வரவேற்புச் சாப்பாட்டை முன்கூட்டி ருசி பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வரவேற்புக்குக் கேட்டரிங் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். "ஒரு நாள் வந்து சாம்பிள் சாப்பிட்டுப் பாருங்க" என்று கூப்பிடுகிறார்கள். யாரைக் கூட்டிப் போவது, போய் எதைப் பார்ப்பது? எங்கள் வீட்டில் மூன்று கல்யாணங்களுக்கு இந்த வேலை என் தலையில் விழுந்தது. முதல் தடவை நன்றாகச் சொதப்பினேன். கீழே இருப்பதில் பாதிக்கு மேல் அப்போது கற்றுக்கொண்டதுதான்.

சாம்பிள் பார்த்தே ஆகவேண்டுமா? தெரிந்தவர்கள் நல்லா இருக்குன்னு சொன்னாங்களே?

பார்த்துவிடுங்கள். தெரிந்தவர் சாப்பிட்டது வேறு மெனு, வேறு கூட்டம், ஒருவேளை வேறு மாஸ்டர். அவர் வாய்க்குப் பிடித்த உப்பும் காரமும் உங்கள் வீட்டுக்குச் சரிவருமா என்பதும் தெரியாது. இன்னொரு லாபமும் உண்டு. சாம்பிளுக்குச் சொன்ன நேரத்தில் ஆள் இருக்கிறாரா, கேட்ட அயிட்டங்கள் வந்தனவா, ஒன்று இல்லையென்றால் முன்கூட்டிச் சொன்னார்களா என்று கவனியுங்கள். நாலு பேருக்குச் சமைக்கும்போதே திணறுகிறவர்கள் நானூறு பேருக்கு எப்படிச் சமாளிப்பார்கள்?

எப்போது பார்ப்பது? அட்வான்ஸுக்கு முன்னாலா, பின்னாலா?

முடிந்தால் முன்னால். அட்வான்ஸ் கைமாறிய பிறகு நீங்கள் சொல்லும் குறையை அவர்கள் கேட்கும் விதமே மாறிவிடும். சிலர் அட்வான்ஸ் இல்லாமல் சாம்பிளே தரமாட்டார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. சும்மா சாப்பிட்டுவிட்டுப் போகும் கூட்டம் நிறைய. அப்படியானால் சிறிய தொகையைக் கொடுத்து, சாம்பிள் பிடிக்காவிட்டால் அதில் எவ்வளவு திரும்பி வரும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நாளைப் பொறுத்தவரை, வரவேற்புக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் நல்லது. மாற்றம் சொல்லி மறுபடி ஒரு தடவை பார்க்க அவகாசம் இருக்கும். ஆறு மாதத்துக்கு முன் பார்த்தால் அதே காய்கறியும் பழமும் வரவேற்புச் சமயத்தில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வரவேற்பு ராத்திரி என்றால் சாம்பிளையும் ராத்திரிக்கே கேளுங்கள். மத்தியானம் ரசித்துச் சாப்பிடும் கனமான பதார்த்தம் ராத்திரி ஒன்பதரைக்கு இறங்காது.

சாம்பிளுக்குக் காசு கேட்கிறார்களே?

கொடுக்கலாம். அரிசி, எண்ணெய், ஆள் கூலி எல்லாம் அவர்களுக்கும் செலவுதானே. ஆர்டர் உறுதியானால் அந்தக் காசை மொத்தக் கணக்கில் கழிப்பார்களா என்று மட்டும் கேளுங்கள். இலவச சாம்பிளில் ஒரு தொல்லை உண்டு: வாயைத் திறந்து குறை சொல்ல நமக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

யார் யார் போகலாம்?

நாலு பேர் போதும். எட்டுப் பேர் போனால் எட்டுத் தீர்ப்பு வரும், வீட்டுக்குத் திரும்பும் வழியில் இரண்டு சண்டையும் வரும்.

அந்த நாலு பேர் யார் என்பதைக் கொஞ்சம் யோசித்து முடிவு செய்யுங்கள். தினமும் சமைக்கிற ஒருவர் கட்டாயம் வேண்டும். எண்ணெய் பழையதா, மசாலா பச்சை வாசனை அடிக்கிறதா என்பதெல்லாம் அவருக்கு ஒரு வாயிலேயே தெரிந்துவிடும். வயதான ஒருவர் வேண்டும். மெல்லவும் விழுங்கவும் சிரமமாக எது இருக்கிறது என்று அவர்தான் சொல்வார். வந்திருக்கும் பெரியவர்களில் பாதிப் பேருக்கு அதே சிரமம் இருக்கும். காரம் தாங்காத ஒருவரையும் கூட்டிப்போங்கள், அது சிறுபிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது, பொய் சொல்லாது. நாலாவது, முடிவெடுக்கிறவர். அது மணமக்களாகவே இருக்கட்டும். பணம் கட்டுகிறவர் வேறு, முடிவெடுக்கிறவர் வேறு என்றால் இரண்டு பேரும் வரட்டும். பிறகு போனில் விளக்குவது பெரும்பாடு.

பசியோடு போகலாமா?

கூடாது. பசியில் எல்லாமே அமிர்தம்தான். முதலில் வாயில் வைத்ததற்கு நூறு மார்க் போடுவீர்கள், எட்டாவதாக வந்தது எவ்வளவு நன்றாக இருந்தாலும் திகட்டும். லேசாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். போவதற்குச் சற்று முன் காபி, சிகரெட், வெற்றிலைபாக்கு, புதினா மிட்டாய் எதுவும் வேண்டாம். சளி பிடித்திருந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. மூக்கடைப்போடு போனால் உப்பும் புளிப்பும் தெரியும், மசாலா வாசனை ஒன்றும் தெரியாது.

எத்தனை அயிட்டம் கேட்கலாம்? எந்த வரிசையில் சாப்பிடுவது?

ஒரு தடவைக்கு ஏழெட்டுக்கு மேல் வேண்டாம், அதற்குப் பிறகு நாக்கு மரத்துவிடும். மெனுவில் இருபது இருந்தாலும், எல்லோரும் தட்டில் போட்டுக்கொள்ளப்போகும் முக்கியமான ஐந்தும், உங்களுக்குச் சந்தேகமான இரண்டு மூன்றும் போதும். வெட்டி வைத்த பழத்தை ருசி பார்க்க ஒரு நாளை வீணாக்க வேண்டாம்.

சப்பென்று இருப்பதில் ஆரம்பித்துக் காரமானதில் முடியுங்கள், இனிப்பு கடைசியில். நடுவில் வாயைக் கழுவ வெதுவெதுப்பான தண்ணீரும் வெறும் சாதமோ ரொட்டியோ ஒரு வாயும் போதும். காரம் பிடித்துக்கொண்டால் தண்ணீர் உதவாது. மிளகாயின் எரிச்சலைத் தரும் கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். பாலோ தயிரோ ஒரு வாய் குடியுங்கள்.

சாம்பிளில் வந்த ருசி அன்றைக்கும் வருமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். அப்படியே வராது. ஏன் வராது என்று தெரிந்தால் சாம்பிளை வேறு மாதிரி பார்ப்பீர்கள்.

எங்கள் முதல் கல்யாணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சாம்பிள் அன்று வறுவல் எண்ணெயிலிருந்து நேரே தட்டுக்கு வந்தது. கடித்தால் பக்கத்து மேஜைக்குச் சத்தம் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்தோம். வரவேற்பன்று அதே வறுவலைச் சாயங்காலமே பொரித்து, மூடி போட்ட பெரிய டப்பாக்களில் அடைத்து, வண்டியில் கொண்டுவந்திருந்தார்கள். நான் பக்கத்தில் நிற்கும்போதுதான் ஒரு டப்பாவைத் திறந்தார்கள். மூடியின் உட்புறத்திலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வறுவல் மேலேயே விழுந்தது. எடுத்துப் பார்த்தால் மேல்தோல் ஈரத்துணி மாதிரி தனியாகக் கழன்று வந்தது. கேட்டரர் ஏமாற்றவில்லை. அதே மாஸ்டர், அதே மசாலா. பொரித்ததற்கும் தட்டில் விழுந்ததற்கும் நடுவே இரண்டு மணி நேரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சூடான வறுவலின் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாக வெளியே வந்துகொண்டே இருக்கும். மூடினால் அந்த ஆவிக்குப் போக்கிடம் இல்லை, திரும்பத் தோலிலேயே இறங்கி மொறுமொறுப்பைக் கெடுத்துவிடும். மற்றவற்றுக்கும் காத்திருக்கும்போது ஆவது ஒன்று உண்டு. அரிசி, நூடுல்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் பக்கத்தில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கிரேவி இறுகும். பஃபே பாத்திரத்தைத் திறந்து வைத்தால் கீழே இருக்கும் சூட்டில் தண்ணீர் வற்றி உப்பு ஏறும். பச்சைக் காய்கறி சூட்டில் கிடக்கக் கிடக்கப் பழுப்பாகும். சாலடில் உப்பும் எலுமிச்சையும் முன்னாலேயே கலந்தால் காய் தண்ணீர் விட்டுக் குழையும். ஐஸ்கிரீம் உருகினால் இன்னும் தித்திக்கும், சில்லென்று இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும்.

இதற்கு மேல் அளவு என்று ஒரு விஷயம். பாத்திரத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் கொள்ளளவு 8 மடங்காகும், ஆவி போகிற மேல்பரப்பு 4 மடங்குதான். அதனால் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வற்றும் வேகம் அளவுக்கு ஏற்ப ஏறாது, சூடு ஏறவும் நேரம் பிடிக்கும். நாலு பேர் கணக்கை நூறால் பெருக்கித் தண்ணீரும் மசாலாவும் போட்டால் சரியாக வராது. கூட்டத்துக்குச் சமைத்துப் பழகின மாஸ்டருக்கு இது கைக்கணக்கு. ஹோட்டலில் பிரமாதமாகச் சமைக்கிறவருக்கு அந்தக் கணக்கு இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் "இதை அதிகபட்சம் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்று ஒவ்வொரு முக்கிய அயிட்டத்துக்கும் கேளுங்கள்.

சரி, அப்படியானால் சாம்பிளில் என்னதான் பார்ப்பது?

காத்திருக்கவிட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பங்கு கேளுங்கள். ஒன்றைச் சூடாகச் சாப்பிடுங்கள். இன்னொன்றை, அன்றைக்கு எப்படி வைப்பார்களோ அப்படியே, அதே மாதிரி பாத்திரத்தில் மூடி சூட்டோடு வைக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் பேச்சுவார்த்தை நடக்கட்டும், தலைக்கணக்கு, பரிமாறும் ஆட்கள் என்று பேச எவ்வளவோ இருக்கிறது. அப்புறம் திறந்து சாப்பிடுங்கள். அந்த இரண்டாவது வாயை வைத்து மெனுவை முடிவு செய்யுங்கள்.

முதலில் சுமாராக இருந்த ஒன்று ஒரு மணி நேரம் கழித்தும் அப்படியே இருந்தால் அதை மெனுவில் வையுங்கள். முதலில் அசத்திய ஒன்று பிறகு சோர்ந்துபோனால், அதை லைவ் கவுண்டரில் அவ்வப்போது செய்து தர முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள். அதற்காக எல்லாவற்றையும் லைவ் கவுண்டராக்கிவிடாதீர்கள், அங்கே வரிசை நகராது.

வரிசை என்றதும் ஞாபகம் வந்தது, பஃபேயில் எல்லோரும் சாப்பிட எவ்வளவு நேரமாகும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 விநாடிக்கு ஒருவர் வீதம் வரிசையில் நகர்ந்தால் நிமிடத்துக்கு 4 பேர், 400 பேருக்கு 100 நிமிடம். இரண்டு மேஜை போட்டு இரண்டு பக்கமும் எடுக்கவிட்டால் நாலு வரிசை, 25 நிமிடத்தில் முடிந்துவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் கடைசியில் வருகிறவர் தட்டில் விழுவது எவ்வளவு நேரம் காத்திருந்த சாப்பாடு என்று இதில் தெரிந்துவிடும். உட்கார வைத்துப் பரிமாறுவதென்றால் எத்தனை பேருக்கு ஒரு ஆள் என்று கேளுங்கள்.

குறை சொன்னால் கோபித்துக்கொள்வார்களோ?

நல்ல மாஸ்டர் கோபப்பட மாட்டார். "இன்னும் கொஞ்சம் நல்லா இருக்கலாம்" என்று இழுத்தால்தான் அவருக்கு எரிச்சல் வரும், அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? "உப்பு ஒரு படி குறையணும்", "கறி இன்னும் பத்து நிமிஷம் வேகணும்", "எண்ணெய் மேலே மிதக்கக் கூடாது" என்று சொல்லுங்கள். முடிந்தவரை மாஸ்டரிடமே நேரில். நடுவில் இருக்கும் மேனேஜர் எல்லாவற்றுக்கும் "பண்ணிடலாம்" என்பார். அந்தப் "பண்ணிடலாம்" சமையலறை வரைக்கும் போய்ச் சேராது.

ஒன்றிரண்டு திருத்தமென்றால் சொல்லிவிட்டு நம்பலாம். நாலைந்து அயிட்டத்தில் மாற்றம் என்றால் மறுபடி ஒரு சாம்பிள் கேளுங்கள், அந்த நாலைந்து மட்டும்.

என்னவெல்லாம் குறித்துக்கொள்வது?

நாலு பேரும் தனித்தனியாக, பேசிக்கொள்ளாமல் எழுதுங்கள். முதலில் வாயைத் திறக்கிறவர் சொன்னதையே மற்றவர்கள் தலையாட்டி ஒத்துக்கொள்வது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பெரிய படிவம் வேண்டாம். அயிட்டம் பெயர், சூடாக எத்தனை மார்க், ஒரு மணி நேரம் கழித்து எத்தனை மார்க், ஒரு வரி குறிப்பு, அவ்வளவுதான். ஒவ்வொரு தட்டையும் பக்கத்தில் ஒரு ஸ்பூன் வைத்து போட்டோ எடுங்கள். துண்டு எவ்வளவு பெரியது என்பதற்கு அந்த ஸ்பூன்தான் பின்னால் சாட்சி.

அவர்கள் கேட்டரிங் செய்யும் வேறொரு விசேஷத்துக்குப் போய்ப் பார்க்கலாமா?

அந்த வீட்டாருக்குத் தெரிந்து, சம்மதத்தோடு என்றால் இதைவிட நல்ல சாம்பிள் கிடையாது. சாப்பிடக்கூட வேண்டாம். கடைசி அரை மணி நேரத்தில் போய் ஓரமாக நின்று பாருங்கள். தட்டுகளில் எது மிச்சமாகித் திரும்பி வருகிறது, எந்தப் பாத்திரம் முதலில் காலியானது, காலியானதும் எத்தனை நிமிடத்தில் நிரப்பினார்கள், கீழே சிந்தியதைத் துடைத்தார்களா, எல்லாம் கண்ணில் படும். கூப்பிடாத கல்யாணத்தில் விருந்தாளி வேஷம் போட்டு நுழைய வேண்டாம்.

அலர்ஜி உள்ளவர்கள் வருகிறார்கள். சாம்பிள் அன்றே பேச வேண்டுமா?

அன்றே, அதுவும் எழுத்தில். அதிகம் தொந்தரவு தருபவை வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், பால், முட்டை, கோதுமை, சோயா, எள், மீன், இறால் நண்டு வகைகள். ஒவ்வொரு அயிட்டத்திலும் இவற்றில் எது இருக்கிறது என்று பட்டியல் கேளுங்கள். கிரேவியைக் கெட்டியாக்க அரைத்துவிட்ட முந்திரி கண்ணுக்குத் தெரியாது. அதே எண்ணெயில் வேறு என்ன பொரிக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். எந்தக் காரணம் கொண்டும் அலர்ஜி உள்ளவரையே கூட்டிப்போய் "ஒரு வாய் பாருங்களேன்" என்று சோதிக்காதீர்கள்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் வந்தால் சூப்புக்கு எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். காய்கறி சூப் என்று பெயர் இருக்கும், உள்ளே எலும்பு வேகவைத்த தண்ணீர் இருக்கும்.

சுத்தம், பாதுகாப்பு பற்றி எப்படிக் கேட்பது? சங்கடமாக இருக்கிறதே.

சங்கடப்பட வேண்டாம். சமையலறையை ஒரு நடை பார்க்கலாமா என்று கேளுங்கள். உள்ளே விடாதவர்களை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன், அது என் பழக்கம். உள்ளே போனால் கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா, பச்சை இறைச்சிக்கும் காய்க்கும் பலகையும் கத்தியும் வேறு வேறா என்று பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு எளிது. சமைத்த உணவு பரிமாறும் வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், குளிர வைப்பது 5 டிகிரிக்குக் கீழ். இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும், அதனால் சமைத்ததை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. "எத்தனை மணிக்குச் சமைத்து, எதில் கொண்டுவந்து, எத்தனை மணிக்குப் பரிமாறுவீர்கள்?" என்ற ஒரே கேள்வியில் பாதி தெரிந்துவிடும். தெர்மாமீட்டர் வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பஃபே மேஜையில் அடியில் வெந்நீரும் சின்ன அடுப்பும் வைத்த பாத்திரம் இருக்கிறதே, அது சூட்டைத் தாங்கிப் பிடிக்கத்தான். ஆறிப்போனதைச் சூடாக்க அதனால் ஆகாது.

சாதத்தில் தனிக் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. வெதுவெதுப்பில் மணிக்கணக்கில் கிடந்தால் அவை பெருகி நஞ்சைக் கக்கும், மறுபடி சூடுபடுத்தினாலும் வாந்தி வரவழைக்கும் அந்த நஞ்சு போகாது. முந்தைய நாளே செய்து வைக்கும் இறைச்சிக் கிரேவியும் அப்படித்தான்: பெரிய அண்டாவோடு குளிர்பெட்டியில் வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரமாகும். ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து ஆற வைப்பார்களா என்று கேளுங்கள்.

சாம்பிள் பிரமாதம். ஆனால் அன்றைக்கு வேறு மாஸ்டர் வந்தால்?

வரத்தான் செய்வார், ஒரே நாளில் மூன்று விசேஷம் எடுத்திருந்தால். சாம்பிள் சமைத்தவர் பெயரையும், அவர்தான் அன்றைக்கும் பொறுப்பு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அன்று வேறு எத்தனை ஆர்டர் எடுத்திருக்கிறார்கள் என்றும் கேட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் வேறு என்ன?

முடிவான மெனு, திருத்தங்களோடு. ஒருவருக்கு எத்தனை துண்டு, எவ்வளவு எடை. எத்தனை மணிக்கு முதல் தட்டு. தலைக்கணக்கை எந்தத் தேதி வரை மாற்றலாம், குழந்தைகளுக்கு எப்படிக் கணக்கு, போட்டோகிராபரும் டிரைவர்களும் அதில் சேர்த்தியா. ஏதாவது பொருள் கிடைக்காவிட்டால் மாற்றாக என்ன போடுவார்கள், யாரிடம் கேட்டுப் போடுவார்கள். மிச்சம் யாருக்கு. சாம்பிள் போட்டோக்களையும் பின்னால் இணைத்துவிடுங்கள்.

வீட்டில் ஒருத்தருக்கும் ஒத்துப்போகவில்லை. என்ன செய்வது?

மார்க்கைக் கூட்டுங்கள். சமமாக வந்தால் காரம் குறைந்தது எதுவோ அது. காரம் வேண்டியவர் மேலே ஏதாவது தொட்டுக்கொள்வார், வேண்டாதவரால் காரத்தை எடுத்துப்போட முடியாது.

வரவேற்பன்று யாராவது ருசி பார்க்க வேண்டுமா?

பரிமாறுவதற்கு முக்கால் மணி முன்னால் ஒருவர் சமையலறைக்குப் போய் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் பார்க்கட்டும். சாம்பிளுக்கு வந்த அந்தச் சமையல் தெரிந்தவர்தான் சரியான ஆள். மணமக்களின் பெற்றோர் வேண்டாம், அவர்களை அந்த நேரத்தில் பத்து பேர் பத்துப் பக்கம் இழுப்பார்கள். உப்பு குறைந்தால் அந்த முக்கால் மணியில் சேர்க்கலாம். கூடிவிட்டால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, அதனால் மாஸ்டரிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள், கடைசி உப்பு இவர் வந்து பார்த்த பிறகுதான் என்று.

மணமக்களுக்கு இரண்டு தட்டு வேண்டும் என்பதையும் அவரே அப்போது சொல்லிவிடட்டும். ராத்திரி பதினொரு மணிக்கு மேடையிலிருந்து இறங்கி வரும்போது அவர்கள் தேர்ந்தெடுத்த அயிட்டத்தில் பாதி தீர்ந்துபோயிருக்கும். பரிமாற ஆரம்பிக்கும்போதே எடுத்து ஹாட்பாக்ஸில் வைக்கச் சொல்லுங்கள். வறுவலை மட்டும் வைக்க வேண்டாம், அவர்கள் உட்கார்ந்த பிறகு பொரித்துத் தரட்டும்.